நெகிழிகளின் லேசர் பற்றவைப்பில் அகச்சிவப்பு வெப்பநிலை அளவீடு

நெகிழிகளின் லேசர் பற்றவைப்பில் அகச்சிவப்பு வெப்பநிலை அளவீடு என்பது, இரண்டு நெகிழிப் பாகங்கள் லேசர் கதிரால் உருகி ஒன்றாகச் சேரும் நேரத்தில், உருகும் இடத்தைத் தொடாமல், அங்கிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர்வீச்சைக் கொண்டு அதன் வெப்பநிலையை மதிப்பிடும் முறையாகும். வாகனப் பின்விளக்குகள், திரவக் கலங்கள், மின்னணு உணரிகளை மூடும் பெட்டிகள், மருத்துவப் பயன்பாட்டுக்கான சிறு கருவிகள் ஆகியவற்றின் தயாரிப்பில் இம்முறை பயன்படுகிறது.

உலோகத்தைப் பற்றவைக்கும்போது உருகிய குட்டை வெளியே தெரியும். நெகிழியின் லேசர் பற்றவைப்பிலோ உருகும் பரப்பு இரு பாகங்களுக்கும் நடுவே மறைந்திருக்கும். அங்கிருந்து கிளம்பும் கதிர்வீச்சு மேல் பாகத்தைக் கடந்துதான் உணரியை அடைய வேண்டும். எனவே உணரி காட்டும் எண்ணை இணைப்பின் உண்மையான வெப்பநிலை என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தால்தான் இந்த அளவீடு பயன் தரும்.

அளக்க வேண்டிய தேவை

நன்றாக ஒட்டிய இணைப்பும் சரியாக ஒட்டாத இணைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கலாம். பின்விளக்கின் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் மழைக்காலத்தில் உள்ளே நீர் கோக்கும். பிரேக் எண்ணெய் வைக்கும் கலத்திலோ, மருந்து செல்லும் கருவியிலோ கசிவு ஏற்பட்டால் அது உயிர் தொடர்பான சிக்கலாகிவிடும்.

இணைப்பின் வலிமையை அறிய வழக்கமான வழிகள் மூன்று உள்ளன: இழுத்துப் பார்ப்பது, உள்ளே அழுத்தம் கொடுத்து வெடிக்கவைப்பது, குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. மூன்றிலும் சோதிக்கப்பட்ட பாகம் வீணாகிவிடும். ஆகவே ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டுமே சோதிக்கலாம். மற்றவை நம்பிக்கையின் பேரில் வெளியே செல்கின்றன. ஒவ்வொரு பாகமும் பற்றவைக்கப்படும் அந்த நேரத்திலேயே அதன் வெப்பநிலையைப் பதிவு செய்தால் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம்.

வெப்பநிலை இங்கு முதன்மையான அளவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நெகிழி உருகும் வெப்பநிலைக்கும் அது சிதையத் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் நல்ல இணைப்பு உருவாகும். சில நெகிழிகள் உருகும் வெப்பநிலைகள் தோராயமாக வருமாறு:

உயர் அடர்த்திப் பாலித்தீன்: 130 டிகிரி செல்சியஸ்
பாலிபுரொப்பிலீன்: 165 டிகிரி செல்சியஸ்
நைலான் 6: 220 டிகிரி செல்சியஸ்
நைலான் 66: 260 டிகிரி செல்சியஸ்

பாலிகார்பனேட்டு, அக்ரிலிக் போன்ற படிகமற்ற நெகிழிகளுக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. அவை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் படிப்படியாக இளகும். பாலிகார்பனேட்டுக்கு அது சுமார் 150 டிகிரி. அக்ரிலிக்குக்குச் சுமார் 105 டிகிரி. வெப்பம் குறைந்தால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளா. மிகுந்தால் சங்கிலிகள் அறுந்து, வாயுக் குமிழ்கள் தோன்றி, இணைப்பு பலமிழக்கும்.

லேசர் ஊடுருவல் பற்றவைப்பு

நெகிழிகளுக்குப் பரவலாகப் பயன்படுவது லேசர் ஊடுருவல் பற்றவைப்பு ஆகும். இதில் மேல் பாகம் லேசர் ஒளியைத் தன் வழியே விடும். கீழ்ப் பாகம் அதை உட்கவரும். இரண்டையும் அழுத்திப் பிடித்து மேலிருந்து லேசரைச் செலுத்தினால், கதிர் மேல் பாகத்தைக் கடந்து கீழ்ப் பாகத்தின் மேற்பரப்பில் வெப்பமாக மாறுகிறது. கீழ்ப் பாகம் உருகுகிறது. அந்த வெப்பம் தொடர்பால் மேல் பாகத்தின் அடிப்பரப்பும் உருகுகிறது. குளிர்ந்தபின் இரண்டும் ஒன்றாகின்றன. இடையே காற்று இடைவெளி இருந்தால் வெப்பம் கடக்காது. அதனால்தான் அழுத்திப் பிடிப்பது இன்றியமையாதது.

கீழ்ப் பாகம் ஒளியை உட்கவர்வதற்காக அதில் பெரும்பாலும் புகைக்கரித் தூள் சிறிதளவு கலக்கப்படுகிறது. எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான கரியே போதுமானது. இரு பாகங்களும் நிறமற்றவையாக இருக்க வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாமல் அகச்சிவப்பை மட்டும் உட்கவரும் சாயங்களை இணைப்புப் பரப்பில் பூசலாம்.

பயன்படும் லேசர்களில் முக்கியமானவை 808 முதல் 980 நானோமீட்டர் வரையுள்ள குறைகடத்தி லேசர்களும், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம் யாக் லேசரும் ஆகும். இவை அண்மை அகச்சிவப்பைச் சேர்ந்தவை. சாயமிடாத பெரும்பாலான நெகிழிகள் இவ்வொளியை உள்ளே விடுகின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிரை நெகிழிகள் மேற்பரப்பிலேயே உட்கவர்ந்துவிடும். ஆகவே அது மெல்லிய படலங்களை ஒட்டவும் வெட்டவும் பயன்படுகிறதே தவிர, ஊடுருவல் முறைக்கு ஏற்றதன்று. கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் உருவாக்கியவர், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் பட்டேல்.

லேசரைச் செலுத்தும் விதத்தைப் பொறுத்து நான்கு வகைகள் கூறப்படுகின்றன. லேசர் புள்ளி இணைப்புக் கோட்டின் மீது ஒரு முறை நகர்ந்து செல்வது கோட்டுப் பற்றவைப்பு. முழுக் கோட்டையும் ஒரே நேரத்தில் ஒளியூட்டுவது உடன்நிகழ் பற்றவைப்பு. அசையும் ஆடிகளின் உதவியால் அதே கோட்டில் மிக வேகமாகப் பலமுறை சுற்றிவருவது போலி உடன்நிகழ் பற்றவைப்பு. முகமூடித் தகடு ஒன்றின் துளைகள் வழியே ஒளியை விடுவது முகமூடிப் பற்றவைப்பு. வெப்பநிலையைப் புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து அளக்கக் கோட்டுப் பற்றவைப்பே எளிதானது.

அகச்சிவப்பும் வெப்பநிலையும்

1800ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் எர்செல், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் சூடேறியது. அகச்சிவப்புக் கதிர்வீச்சு இவ்வாறு அறியப்பட்டது.

தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலுள்ள எல்லாப் பொருள்களும் கதிர்வீச்சை உமிழ்கின்றன. வெப்பநிலை உயர உயர இரண்டு மாற்றங்கள் நிகழும்:

1. மொத்தக் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப உயரும். இது ஸ்டீபன்-போல்ட்ஸ்மான் விதி.
2. மிகுதியாக உமிழப்படும் அலைநீளம் குறுகும். இது வீனின் இடப்பெயர்ச்சி விதி. 2898 என்ற எண்ணைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும்.

மனித உடலுக்கு இது சுமார் 9.3 மைக்ரோமீட்டர். 250 டிகிரி செல்சியஸில், அதாவது 523 கெல்வினில் உருகியுள்ள நெகிழிக்குச் சுமார் 5.5 மைக்ரோமீட்டர். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிவார். நெகிழி அந்த அளவு சூடேறும் முன்பே கருகிவிடும். ஆகவே இங்கு அகச்சிவப்பு உணரியின் துணை தேவைப்படுகிறது.

ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு கதிர்வீச்சு வெளிவரும் என்பதை 1900இல் மாக்ஸ் பிளாங்க் வகுத்த சமன்பாடு தருகிறது. அதன்படி 250 டிகிரியில் உள்ள ஒரு பொருள் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உமிழ்வதைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு கதிர்வீச்சை 2 மைக்ரோமீட்டரில் உமிழ்கிறது. சாதாரணப் படக்கருவிகளில் உள்ள சிலிக்கான் உணரி சுமார் 1.1 மைக்ரோமீட்டர் வரைதான் உணரும். அதனால் அது இந்தப் பணிக்கு உதவாது.

தொடு முறைகள் பயன்படாமை

வெப்பமின் இரட்டை போன்ற கம்பி உணரியை இணைப்பின் நடுவே வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் கம்பி இரு பாகங்களுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கும். கம்பியே லேசரை உட்கவர்ந்து தனியாகச் சூடேறும். வேலை முடிந்தபின் கம்பி இணைப்பினுள் மாட்டிக்கொள்ளும். எனவே ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக மட்டுமே இது செய்யப்படுகிறது.

பாகத்தின் வெளிப்பரப்பைத் தொட்டு அளப்பதும் பயனற்றது. நெகிழி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள லேசர் புள்ளி வினாடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், ஓர் இடத்தின் மீது அது இருக்கும் நேரம் 20 மில்லி வினாடி மட்டுமே. அந்த நேரத்தில் வெப்பம் நெகிழியினுள் பரவும் தொலைவு சுமார் 0.1 மில்லிமீட்டர். 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேல் பாகத்தைக் கடந்து வெளிப்பரப்பை எட்டச் சில வினாடிகள் ஆகிவிடும். செய்தி வெளியே வரும்போது இணைப்பு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

மேல் பாகத்தின் வழியே பார்த்தல்

ஆகவே அகச்சிவப்பு உணரி மேல் பாகத்தின் வழியே உள்ளே பார்த்தாக வேண்டும். உணரியை அடையும் கதிர்வீச்சு மூன்று பங்குகளைக் கொண்டது:

1. இணைப்புப் பரப்பு உமிழ்ந்து, மேல் பாகத்தால் குறைக்கப்பட்டபின் மிஞ்சி வரும் பங்கு. உண்மையில் தேவைப்படுவது இது மட்டுமே.
2. மேல் பாகம் தானே சூடேறி உமிழும் பங்கு. லேசரில் ஒரு பகுதியை அதுவும் உட்கவர்வதால் இது ஏற்படுகிறது.
3. சுற்றுப்புறத்திலிருந்து வந்து மேற்பரப்பில் எதிரொளித்துச் செல்லும் பங்கு.

முதற்பங்கு எவ்வளவு என்பது நெகிழியின் வேதியியலைப் பொறுத்தது. நெகிழி மூலக்கூற்றில் உள்ள ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அலைநீளத்தில் கதிர்வீச்சை உட்கவரும். கார்பன்-ஐதரசன் பிணைப்பு 3.4 மைக்ரோமீட்டருக்கு அருகில் வலுவாகவும், 1.7 மற்றும் 2.3 மைக்ரோமீட்டருக்கு அருகில் மெலிதாகவும் உட்கவர்கிறது. நைலானில் உள்ள நைதரசன்-ஐதரசன் பிணைப்பு 3 மைக்ரோமீட்டரை ஒட்டியும், பாலிகார்பனேட்டு, அக்ரிலிக் ஆகியவற்றில் உள்ள கார்பன்-ஆக்சிசன் இரட்டைப் பிணைப்பு 5.7 முதல் 5.8 மைக்ரோமீட்டரை ஒட்டியும் உட்கவர்கின்றன. இந்தப் பட்டைகளுக்கு இடையே கதிர்வீச்சு ஓரளவு கடந்து செல்லும் சாளரங்கள் உள்ளன. உணரியின் அலைநீளத்தை இச்சாளரங்களில் ஒன்றில் அமைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தேவையும் தொழிலில் உண்டு. பாலித்தீன் படலம் உற்பத்தியாகும் ஆலைகளில் படலத்தின் வெப்பநிலையை அளக்க, அதன் பின்னாலுள்ளவை தெரியக் கூடாது. அங்கு வேண்டுமென்றே 3.43 மைக்ரோமீட்டரில் இயங்கும் கருவியைப் பயன்படுத்துவர். அந்த அலைநீளத்தில் மெல்லிய படலம்கூடப் பெருமளவு ஒளிபுகாததாகிவிடும். அதே கருவியைப் பற்றவைப்பில் பயன்படுத்தினால் மேல் பாகத்தின் வெளித்தோலை மட்டுமே அளக்கும். இணைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

கருவிகள்

வெப்பக் கதிர்மானி: பைரோமீட்டர் என்றும் அழைக்கப்படும் இக்கருவி ஒரே புள்ளியை அளக்கிறது. லேசர் செல்லும் அதே ஒளிப்பாதையில், இருநிறப் பிரிப்பான் ஆடி ஒன்றின் உதவியால் இதைப் பொருத்தலாம். அப்போது லேசர் எங்கு சென்றாலும் கதிர்மானியின் பார்வையும் கூடவே செல்லும். ஆனால் ஒளிப்பாதையிலுள்ள வில்லைகள் கண்ணாடியாலானவை என்றால் நீண்ட அலைநீளங்கள் அவற்றைக் கடக்க மாட்டா. அதனால் இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் 1.6 முதல் 2.4 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் இந்தியம் காலியம் ஆர்சனைடு உணரிகளைக் கொண்டு இயங்குகின்றன.

வெப்பப் படக்கருவி: இது ஒரு பரப்பு முழுவதையும் படமாகத் தருகிறது. குளிரூட்டல் தேவைப்படாத போலோமீட்டர் வகை, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் பகுதியில் இயங்கும், விலை குறைவு. ஆனால் அதன் உணர்வேகம் 10 மில்லி வினாடி அளவில் உள்ளது. வினாடிக்கு 25 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே லேசர் புள்ளி 2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். மேலும் 8 மைக்ரோமீட்டருக்கு அப்பால் தடித்த நெகிழிகள் பெரும்பாலும் ஒளிபுகாதவை. ஆகவே உள்ளே பார்ப்பதற்கு 3 முதல் 5 மைக்ரோமீட்டரில் இயங்கும் குளிரூட்டப்பட்ட இந்தியம் ஆன்டிமனைடு வகை படக்கருவிகளையே ஆய்வாளர்கள் நாடுகின்றனர். இவற்றின் வில்லைகள் ஜெர்மானியம், சிலிக்கான் போன்ற பொருள்களால் ஆனவை.

லேசர்த் தடுப்பு வடிகட்டி: 30 வாட் லேசரால் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி 250 டிகிரிக்குச் சூடேறியது எனக் கொள்வோம். அப்புள்ளி எல்லாத் திசைகளிலும் எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து உமிழும் வெப்பக் கதிர்வீச்சு ஏறக்குறைய 3 மில்லிவாட் மட்டுமே. லேசரின் திறன் இதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. சிதறிய லேசர் ஒளியில் மிகச் சிறு பங்கு உணரிக்குள் புகுந்தாலும் அளவீடு பொய்யாகிவிடும். எனவே லேசரின் அலைநீளத்தை முற்றிலும் தடுக்கும் வடிகட்டி உணரியின் முன் கட்டாயம் இருக்க வேண்டும்.

உமிழ்திறனும் அளவுத்திருத்தமும்

ஒரு பொருள் உமிழும் கதிர்வீச்சுக்கும், அதே வெப்பநிலையில் முழுக் கரும்பொருள் உமிழும் கதிர்வீச்சுக்கும் உள்ள விகிதம் உமிழ்திறன் எனப்படும். நீண்ட அலைநீளங்களில் ஒளிபுகா நெகிழிகளின் உமிழ்திறன் 0.9 முதல் 0.95 வரை இருக்கும். பளபளப்பான உலோகத்துக்கு அது 0.1க்கும் கீழே போகலாம்.

உமிழ்திறனைத் தவறாக அமைத்தால் விளைவது என்ன என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஒரு பரப்பின் உண்மை வெப்பநிலை 227 டிகிரி செல்சியஸ், அதாவது 500 கெல்வின். அதன் உமிழ்திறன் 0.85. கருவியில் 0.95 என அமைத்துவிட்டனர். எல்லா அலைநீளங்களையும் சேர்த்து அளக்கும் கருவி சுமார் 14 டிகிரி குறைவாகக் காட்டும். 2 மைக்ரோமீட்டரில் மட்டும் அளக்கும் கருவி சுமார் 4 டிகிரியே குறைவாகக் காட்டும். இயன்றவரை குறுகிய அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பதன் நன்மை இதுவே.

மேல் பாகத்தின் ஊடுருவல் மாறினாலும் இதே வகைப் பிழை ஏற்படும். அளவுத்திருத்தம் செய்தபோது மேல் பாகம் 2 மைக்ரோமீட்டர் கதிர்வீச்சில் 40 விழுக்காட்டைக் கடக்கவிட்டது. அடுத்த தொகுதியில் வந்த பாகம் 30 விழுக்காட்டை மட்டுமே விடுகிறது என்று கொள்வோம். இணைப்பின் வெப்பநிலை மாறாமல் 227 டிகிரியாகவே இருந்தாலும் கருவி சுமார் 10 டிகிரி குறைவாகக் காட்டும். பாகத்தின் தடிமன், கண்ணாடி இழையின் அளவு, நிறமி, வார்ப்பின்போது குளிர்ந்த வேகத்தால் மாறும் படிகத்தன்மை ஆகிய எல்லாம் இந்த ஊடுருவலை மாற்றக்கூடியவை.

இரு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுக்கும் இருநிறக் கதிர்மானி, உலோகங்களில் உமிழ்திறன் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. இரு அலைநீளங்களிலும் குறைவு ஒரே அளவாக இருந்தால்தான் அம்முறை செல்லும். நெகிழியின் ஊடுருவல் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுவதால் இங்கு அது அவ்வளவு உதவுவதில்லை.

இதனால் தொழிற்சாலைகளில் அளவுத்திருத்தம் வேறு விதமாகச் செய்யப்படுகிறது. லேசரின் திறனைப் படிப்படியாக மாற்றிப் பல மாதிரிகளைப் பற்றவைப்பர். ஒவ்வொன்றின் கதிர்மானி அளவையும் குறித்துக்கொண்டு, பின்னர் அந்த மாதிரிகளை இழுத்தும் வெட்டியும் சோதிப்பர். எந்த அளவுகளுக்கு இடையே நல்ல இணைப்பு கிடைக்கிறதோ அதுவே ஏற்கத்தக்க எல்லை ஆகும். இங்கு கருவி காட்டும் எண் உண்மை வெப்பநிலையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே நிலையில் ஒரே எண்ணைத் தந்தால் போதும். ஆனால் மூலப்பொருளோ, பாகத்தின் தடிமனோ, நிறமோ மாறினால் அந்த எல்லை செல்லாது. மறுபடியும் மாதிரிகளைச் சோதிக்க வேண்டும்.

குறைகளைக் கண்டறிதல்

கோட்டுப் பற்றவைப்பில் கதிர்மானியின் அளவை இணைப்புக் கோட்டின் நீளத்துக்கு எதிராக வரைந்தால், நல்ல பாகத்தில் ஏறக்குறைய சமமான கோடு கிடைக்கும். அதில் தோன்றும் மாற்றங்கள் குறைகளைச் சுட்டுகின்றன:

இடைவெளி: பாகம் வளைந்திருந்தாலோ தூசு இருந்தாலோ இரு பாகங்களும் ஒட்டி நிற்பதில்லை. கீழ்ப் பாகத்தின் வெப்பம் மேலே கடக்க வழியின்றி அங்கேயே தேங்கும். அளவு உயரும். வெப்பநிலை கூடியிருந்தும் இணைப்பு உருவாகாத நிலை இது.

மேற்பரப்பு எரிதல்: மேல் பாகத்தின் மீது அழுக்கோ கரித்துகளோ இருந்தால் லேசர் அங்கேயே உட்கவரப்படும். அளவு திடீரெனக் கூர்மையாக எழும்பும்.

ஊடுருவல் குறைவு: கண்ணாடி இழை மிகுந்த இடத்தில் லேசர் சிதறுவதால் இணைப்புக்குக் குறைந்த ஆற்றலே சேரும். அளவு தாழும்.

மூலைகள்: லேசர்த் தலை திரும்பும் இடத்தில் வேகம் குறைவதால் ஆற்றல் மிகும். அளவு உயரும். இது பாகத்தின் குறையன்று, இயக்கத்தின் குறை.

முதலாவதும் நான்காவதும் ஒரே திசையில் மாற்றத்தைக் காட்டுவதைக் கவனிக்க வேண்டும். இடைவெளியில் இணைப்பே இல்லை; மூலையில் இணைப்பு இருக்கிறது, ஆனால் அதிகச் சூடு கண்டுள்ளது. எண் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. கோட்டில் அது எந்த இடத்தில் வந்தது, எவ்வளவு நீளத்துக்கு நீடித்தது, லேசரின் வேகம் அப்போது என்ன என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புலப்படும்.

பின்னூட்டக் கட்டுப்பாடு

கதிர்மானியின் அளவைக் கொண்டு லேசரின் திறனைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு பின்னூட்டக் கட்டுப்பாடு எனப்படும். அளவு குறிக்கப்பட்ட மதிப்புக்குக் கீழே சென்றால் திறன் கூட்டப்படும். மேலே சென்றால் குறைக்கப்படும். மூலைகளில் இது மிகவும் உதவுகிறது. இதற்கு உணரியின் வேகம் மில்லி வினாடி அளவில் இருக்க வேண்டும். வினாடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் லேசர் ஒரு மில்லி வினாடியில் 0.05 மில்லிமீட்டரே நகர்வதால், அந்த வேகம் போதுமானது.

இவ்வமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மேல் பாகத்தில் உணரியின் அலைநீளத்துக்கான ஊடுருவல் மட்டும் குறைந்து, லேசரின் அலைநீளத்துக்கான ஊடுருவல் மாறாமல் இருக்கலாம். அப்போது இணைப்பு சரியான சூட்டில் இருந்தும் அளவு தாழ்ந்து தெரியும். கட்டுப்பாட்டு அமைப்பு அதை நம்பித் திறனைக் கூட்டும். நன்றாக இருந்த இணைப்பு கருகும். பதிவேட்டிலோ எல்லாம் சரியான வெப்பநிலையில் நடந்ததாகவே இருக்கும். ஆகவே திறனைத் தானாக மாற்றும் அமைப்புகளில், வெப்பநிலைப் பதிவோடு லேசர் திறனின் பதிவையும் வைத்துக்கொள்வது முறையாகும். ஒரு தொகுதியில் திறன் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால், அப்பாகங்களைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம்.

இந்தியாவில்

பற்றவைப்பில் அகச்சிவப்புப் படங்களைப் பயன்படுத்தும் ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகும். அணு உலைகளுக்கான 316 எல்.என். வகைத் துருவேறா எஃகைப் பற்றவைக்கும்போது, உருகிய குட்டையின் வெப்பப் படங்களிலிருந்து பற்றின் அகலத்தையும் ஆழத்தையும் கணிக்கும் ஆய்வுகள் அங்கு நடந்துள்ளன. மேலே தெரியும் குட்டையைப் பார்த்து, தெரியாத ஆழத்தைக் கணிப்பதே அந்த ஆய்வின் நோக்கம். நெகிழி லேசர் பற்றவைப்பிலும் இதே வகைக் கேள்விதான் எழுகிறது. ஆனால் இங்கு குட்டையே மறைந்திருப்பதால் ஒரு படி கூடுதலாகக் கணிக்க வேண்டியுள்ளது.

நெகிழிகளின் லேசர் ஊடுருவல் பற்றவைப்பில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினி மாதிரிகள் மூலம் இணைப்பின் வெப்பநிலைப் பரவலைக் கணக்கிட்டுள்ளனர். கீழ்ப் பாகத்திலுள்ள புகைக்கரியின் அளவு அப்பரவலை எவ்வாறு மாற்றுகிறது என்பதும் அவற்றுள் ஆராயப்பட்டது. அளக்க இயலாத உட்புற வெப்பநிலையைக் கணக்கீட்டால் பெற்று, உணரியின் அளவோடு ஒப்பிட இத்தகைய மாதிரிகள் உதவுகின்றன.

நெகிழித் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற விரும்பும் மாணவர்களுக்கு, சென்னை கிண்டியில் 1968இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசு நிறுவனமான சிப்பெட் பட்டயப் படிப்புகளையும் சோதனை வசதிகளையும் வழங்குகிறது.

எளிய சோதனைகள்

கொரோனா காலத்தில் பள்ளி வாயில்களில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானியும் அகச்சிவப்பு வெப்பமானிதான். தொழிற்பட்டறைகளில் பயன்படும் கைக்கருவிகளில் தெரியும் சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே; அளவீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இக்கட்டுரையில் கூறியவற்றை அத்தகைய ஒரு கைக்கருவியைக் கொண்டு வகுப்பறையிலேயே காட்டலாம்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, அதன் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் காகித ஒட்டுநாடாவை ஒட்ட வேண்டும். பளபளப்பான இடத்தில் கருவி மிகக் குறைவான வெப்பநிலையைக் காட்டும். ஒட்டுநாடா மீது ஏறக்குறைய உண்மையான வெப்பநிலையைக் காட்டும். இரு இடங்களிலும் சூடு ஒன்றே; வேறுபடுவது உமிழ்திறன்.

அடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் ஒட்டுநாடாப் பகுதிக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு கண்ணாடித் தகட்டைப் பிடித்து அளக்க வேண்டும். கண்ணுக்குப் பாத்திரம் தெளிவாகத் தெரிந்தாலும், கருவி கண்ணாடியின் வெப்பநிலையையே காட்டும். கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய கறுப்புப் பாலித்தீன் பையை ஒரே மடிப்பாகப் பிடித்தால், கண்ணுக்குப் பாத்திரம் மறைந்துவிடும். கருவியோ வெந்நீரின் சூட்டைப் பெருமளவு உணரும். ஆனால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். பையை இரண்டாக, நான்காக மடிக்க மடிக்க அந்த அளவு மேலும் குறைந்துகொண்டே வரும். வெந்நீரின் சூடு மட்டும் மாறாது. மேல் பாகத்தின் தடிமன் கூடும்போது பற்றவைப்பு உணரிக்கு நேர்வதும் இதுவே.

வரம்புகள்

கதிர்மானியின் பார்வைப் புள்ளி லேசர் புள்ளியை விடப் பெரிதாக இருந்தால், சூடான நடுப்பகுதியும் குளிர்ந்த ஓரமும் சேர்ந்த சராசரியே கிடைக்கும். கறுப்பு நிறமுள்ள மேல் பாகங்களுக்கு லேசரை மட்டும் கடக்கவிடும் தனிச் சாயங்கள் பயன்படுகின்றன. அவை உணரியின் அலைநீளத்தையும் கடக்கவிடுமா என்பதைத் தனியே அளந்து அறிய வேண்டும். போலி உடன்நிகழ் பற்றவைப்பில் லேசர் மிக வேகமாகச் சுற்றுவதால், வெப்பநிலையைவிடப் பாகங்கள் எவ்வளவு அமிழ்ந்தன என்ற தொலைவை அளப்பதே வழக்கமாக உள்ளது.

அகச்சிவப்பு அளவீடு, வெட்டியும் இழுத்தும் பார்க்கும் சோதனைகளுக்கு மாற்றாகாது. அச்சோதனைகளில் ஒரு சில பாகங்களிலிருந்து அறிந்ததை, சோதிக்கப்படாத மற்ற ஒவ்வொரு பாகத்துக்கும் நீட்டித்துப் பார்க்க அது வழிசெய்கிறது. அந்த நீட்டிப்பு செல்லுபடியாக வேண்டுமானால் மூலப்பொருளும் பாகத்தின் அமைப்பும் மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் புதிய மாதிரிகளைக் கொண்டு அளவுத்திருத்தத்தை மீண்டும் செய்ய வேண்டும்.